முதலில் காதலித்தவருக்கு முன்னுரிமை உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகாலிலிருந்து அத்தை வந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே செய்தியை இறக்கிவிட்டார்.

"அண்ணா, நம்ம அம்மிணியைத் தேடி வரன் வந்துருக்குது. போன மாசம் கல்யாணத்துல பார்த்தானாம். கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்னு பையன் ஒத்தக் கால்ல நிக்கறான்."

பையனுக்கு எங்கள் ஊர் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. பெயர் வேண்டாம். இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அங்கேதான் ஆணி வாங்குகிறீர்கள்.

"சொந்தக் கடையா, வாடகையா?" - இது அம்மா.

"சொந்தம். வர்ற ஞாயித்துக்கிழமை பெரியவங்க வர்றாங்க. வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்."

எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பெண் வாயைத் திறந்தால் குடும்பத்துக்கு அவமானம். எனவே இப்போதே திறந்தேன்.

"எனக்கு அவரைப் பிடிக்க வேண்டாமா அத்தை?"

"கல்யாணம் ஆனா தானா பிடிக்கும். அவனுக்கு மொதல்ல பிடிச்சிருச்சுல்ல, அதுதான் முக்கியம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் கட்சி. காரணம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடிக்கடி சொல்கிறேன் என்று ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். இன்னும் சொல்வேன். படித்த படிப்பின் பல பயன்களில் ஒன்று - சாயங்காலங்களில் அப்பாவுக்கு ஜப்பானிய அனிமேயின் ஆங்கில சப்டைட்டிலைத் தமிழில் வாசித்துக் காட்டுவது. அப்பா பெயின்டர். வேலை முடித்து வந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். சண்டைக் கதைகள் அவருக்கு ஆகாது. காதல் கதைதான் வேண்டும். அதிலும் பையன்தான் முதலில் காதலிக்க வேண்டும். பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருப்பாள். பையன் அலமாரிக்குப் பின்னால் நின்று உருகுவான். "சொல்லித் தொலைடா சாமி" என்பார் அப்பா, டிவியைப் பார்த்து.

அந்த அப்பா இப்போது சொன்னார்: "பாவம் கண்ணு. மொதல்ல ஆசைப்பட்டவனுக்குத்தான் வலி ஜாஸ்தி."

இப்படியொரு வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். யாரை நோவது...

அத்தை பஸ் ஏறியதும் யோசித்தேன். அழுது பயனில்லை. அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்திலேயே அவருக்குப் பரீட்சை வைப்பது என்று முடிவு செய்தேன். டிவியில் அனிமேயைப் போட்டேன்.

"அப்பா, இந்தப் பையனுக்கு எப்பலருந்து அவளைப் பிடிக்கும்?"

"மொத நாள்லருந்து. மழையில நின்னாளே, அப்பவே."

"ஒரு தடவையாவது அவங்கப்பா அம்மாவை அவ வீட்டுக்கு அனுப்புனானா?"

"இல்ல."

"ஏன்?"

"அவ மனசு தெரியலயே. எப்படி அனுப்புவான்?"

"அப்ப என்ற மனசு மட்டும் தெரியுமா?"

அப்பா நகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டினார். திரையில் யாரோ என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு போனை எடுத்தார்.

"தங்கச்சி, பெரியவங்க வர வேண்டாம். வெத்தலையும் வேண்டாம். பையன் மட்டும் வரட்டும். அம்மிணிகிட்ட அவனே கேக்கட்டும்."

ஸ்பீக்கர் போடாமலேயே அத்தையின் குரல் கேட்டது. "சனம் சிரிக்கும்ண்ணா."

"சிரிக்கட்டும்."

நம் சினிமாவிலும் ஹீரோதான் முதலில் காதலிக்கிறார். ஆனால் அடுத்த காட்சியிலேயே நண்பர்களோடு பைக்கில் பின்னால் வருவார். அவள் முடியாது என்றால் இன்னும் வேகமாக வருவார். அனிமே பையன் தயங்குகிறான். அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். அவள் இல்லை என்று சொல்லவும் இடம் விடுகிறான். நமக்கோ முதலில் காதலிப்பது என்பது கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது மாதிரி. துண்டு விழுந்துவிட்டதா? சீட் அவருடையது.

சீட்டுக்கு வாய் இல்லை. எனக்கு இருக்கிறது.

நேற்று சாயங்காலம் அவர் வந்தார், தனியாக. வரவே மாட்டார் என்று அத்தை அடித்துச் சொல்லியிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. நான் ஜப்பானில் மட்டும்தான் அப்படிச் சிவக்கும் என்று நினைத்திருந்தேன். சமையலறையில் அம்மாவும் அப்பாவும் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தவில்லை.

"கல்யாணத்துல பரிமாறின பொம்பளைங்களுக்குச் சாப்பாடு மிச்சம் வைக்கலேன்னு சமையல் காண்ட்ராக்டர்கிட்ட ஜகளா பண்ணிட்டிருந்தீங்க. அப்போதான் பார்த்தேன்."

"சண்டை போடறவளையா பிடிச்சுது?"

"ஹௌது, ஆமா. மொதல்ல உங்ககிட்டதான் கேட்டிருக்கணும். பய ஆயித்து."

பயந்துவிட்டாராம், கன்னடத்தில் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர். நானும் பொய் சொல்லவில்லை.

"எனக்கு உங்க மேல அப்படி எதுவும் இல்லைங்க. எம்.எஸ்சி. முடிக்கணும். அப்புறம் ஆராய்ச்சிக்குப் போகணும். காத்திருங்கன்னு நான் சொல்லமாட்டேன். நீங்களா காத்திருந்தா, அதுக்குக் கூலியா நான் சரின்னு சொல்லணும்னும் கிடையாது."

தலையாட்டினார். தண்ணீரைக் குடித்தார். வாசலில் திரும்பிக் கேட்டார்: "இன்னொரு நாள் கேக்கலாமா?"

"கேக்கலாம். என்கிட்ட மட்டும்."

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அத்தையின் போன் வந்துவிட்டது.

"தேடி வந்தவனை விரட்டிட்டயா அம்மிணி?"

"விரட்டல அத்தை. அவர் கேட்டாரு. நான் இல்லைன்னேன். அவ்வளவுதான்."

"மறுபடி வந்து கேட்டான்னா?"

"அன்னிக்கு எனக்கு என்ன தோணுதோ, அதைச் சொல்லுவேன்."