தவறிய கையைத் துரத்திய நாள்

ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு,

பிரியாவிடை நாளில் உங்கள் கேண்டீன் ஆன்ட்டியான என் கையில் மைக்கைக் கொடுத்தீர்கள். நான் நின்ற லட்சணத்தை எல்லாரும் பார்த்தீர்கள். அன்று வாயில் வராததை எழுதித் தரச் சொல்லி, உங்கள் தமிழ் டீச்சர் பள்ளி இதழில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் டீச்சர் திருத்திவிடுவார்.

1. கையுறை ஃபேக்டரியில் முதல் நாள்

உங்கள் கேண்டீனுக்கு வருவதற்கு முன்னால் நான் பாசிர் கூடாங்கில் ரப்பர் கையுறை செய்யும் ஃபேக்டரி ஒன்றில் இருந்தேன். அதற்கும் முன்னால் சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மாசாய் ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். மரத்தில் வடிந்த அதே ரப்பர் பால் இங்கே தொட்டி தொட்டியாக நிற்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. மெஷினைப் பார்த்ததும் போய்விட்டது.

நீளமான சங்கிலி. அதில் வரிசையாகப் பீங்கான் கைகள் விரல்களைத் தொங்கவிட்டபடி வரும். பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து, கையுறையைப் போட்டுக்கொண்டு நம் முன்னால் வரும். நாங்கள் அதை உருவிக் கூடையில் போட வேண்டும். லைன் யாருக்காகவும் நிற்காது. உருவாமல் விட்ட கை கையுறையோடு மறுபடியும் பாலுக்குள் போய்விடும். அது ரிஜெக்ட்.

கொஞ்ச நேரம் சமாளித்தேன். பிறகு ஒன்று தவறியது. முதல் நாளே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அந்தக் கையின் பின்னாலேயே ஓடினேன். எட்டிப் பிடித்து உருவியும்விட்டேன். திரும்பிப் பார்த்தால், நான் விட்டுவந்த இடத்தைத் தாண்டி எல்லாக் கைகளும் கையுறையோடு வந்துகொண்டிருந்தன.

லைனின் கடைசியில் நின்ற மாரியாயி அக்கா கத்தினார்.

"அலமாக்! எங்க ஓடுற? பஸ்ஸு புடிக்கப் போறியா?"

"ஒண்ணு போயிருச்சுக்கா…"

"போனா போவட்டும். கடைசியில நான் எதுக்கு நிக்கிறேன், ஒங்க மூஞ்சியப் பாக்கவா? விட்டத நான் எடுத்துக்குறேன். நீ ஒன் எடத்துல நின்னு வர்ற கையப் பாரு!"

அந்த இடத்தில் நிற்பவருக்கு வேலையே அதுதான், மற்றவர்கள் விட்டதைப் பிடிப்பது. எல்லாரும் எதையாவது விடுவார்கள் என்று தெரிந்துதான் அங்கே ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள். அன்று நான் விட்டதை எல்லாம் அக்கா எடுத்தார். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அக்கா ஓய்வு பெற்ற பிறகு அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

2. ஓரத்து மேசை

இந்த வருடம் கேண்டீனில் உங்கள் பேச்சு முழுக்க வெளிநாட்டில் நடக்கும் சண்டையைப் பற்றித்தான். "ஆன்ட்டி, சண்டை இங்க வந்தா நாசி லெமாக் வெல ஏறுமா?" என்று ஒருவன் கேட்டான். "ஏறுனாலும் நீ கடன்தான சொல்லுவ?" என்றேன். சிரித்தீர்கள். ஆனால் கப்பலில் சாமான் வராமல் ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்றுபோன அப்பாமார்கள் உங்களில் சிலருக்கு இருப்பது எனக்குத் தெரியும்.

யாமினியிடம் கேட்டுக்கொண்டுதான் அவளைப் பற்றி எழுதுகிறேன். அவள் அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலை. ஏவுகணை விழுகிற கடலைத் தாண்டித்தான் அந்தக் கப்பல் போக வேண்டும். யாமினி ஓரத்து மேசையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாங்கிய மீ நூடல்ஸ் ஆறிப்போயிருக்கும். பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதப்போவதில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"போன உள்ள கொண்டு போக விடமாட்டாங்க ஆன்ட்டி. அந்த நேரம் பாத்து அண்ணன் கூப்புட்டா? அம்மா சிங்கப்பூர் ஃபேக்டரியில இருப்பாங்க, அங்கயும் போன் கூடாது. யாரு எடுப்பா? ஒலகமே இப்படிக் கெடக்கு, பரீட்ச எழுதி என்னா ஆவப்போவுது?"

சண்டை எப்போது முடியும் என்று சொல்ல நான் யார்? தட்டுக் கழுவிக்கொண்டே, மாரியாயி அக்கா என்னைப் பார்த்துக் கத்திய கதையைச் சொன்னேன். "ம்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

3. மைக்

பிரியாவிடையில் டீச்சர் திடீரென்று, "நீங்களும் ரெண்டு வார்த்த பேசுங்கம்மா" என்றார். எழுந்தேன். "வணக்கம்" என்றேன். "பிள்ளைங்களா" என்றேன். மறுபடியும் "வணக்கம்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"ஆன்ட்டி! எங்க ஓடுறீங்க? பஸ்ஸு புடிக்கப் போறீங்களா?"

யாமினியின் குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவள் மேடைக்கு வந்து மைக்கை எடுத்தாள். "ஆன்ட்டி விட்டத நான் எடுத்துக்குறேன்" என்று சொல்லி, முதல் நாள் கதையை முழுக்க உங்களுக்குச் சொன்னாள். மாரியாயி அக்கா கத்தியதைக்கூட அதே மாதிரி கத்தினாள். நீங்கள் கைதட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன், அவ்வளவுதான். அன்று சொல்லாமல் விட்ட நன்றியை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

4. மைலோ டின்னுக்குப் பக்கத்தில்

பரீட்சை ஆரம்பித்த காலையில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். யாமினி சீருடையில் வந்து போனை நீட்டினாள்.

"அண்ணன் கூப்புட்டா நீங்க பேசுங்க ஆன்ட்டி."

"இந்தப் போனெல்லாம் எனக்குத் தெரியாதேம்மா."

"பச்சைய இழுங்க. அவ்ளோதான் லா."

பரீட்சை நடந்த நாளெல்லாம் அந்தப் போன் அடுப்படியில் மைலோ பவுடர் டின்னுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முதல் நாள் அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பேப்பருக்குப் படிக்க உட்காருவாள்.

சரித்திரப் பேப்பர் அன்று போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு பச்சையை இழுத்தேன். இஞ்சின் சத்தத்துக்கு நடுவே "யாமினி?" என்றது ஒரு குரல்.

"நான் கேண்டீன் ஆன்ட்டி பேசுறேன் தம்பி. தங்கச்சி உள்ள பரீட்ச எழுதுது."

இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கத்தினான்.

"எழுதுறாளா?"

"எழுதுதுப்பா. நல்லா எழுதுது. நீ எப்படி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுங்க ஆன்ட்டி. அம்மாகிட்டயும் சொல்லச் சொல்லுங்க."

மைக்கில் இரண்டு வார்த்தை வராத நான் அந்தப் பையனிடம் தடுமாறாமல் பேசினேன். பேப்பர் முடிந்து வெளியே வந்தவளிடம் சொன்னபோதுதான் முன்னும் பின்னுமாக உளறினேன். அவள் பரவாயில்லை, அன்று இரண்டு தட்டு மீ சாப்பிட்டாள்.

சண்டை இன்னும் நிற்கவில்லை. கப்பலும் வீடு திரும்பவில்லை. இந்த நேரத்தில்தான் நீங்கள் வேலைக்கும் படிப்புக்கும் கிளம்புகிறீர்கள். பயமாக இருந்தால் தப்பில்லை. எதையாவது விடவும் செய்வீர்கள். அதன் பின்னால் ஓடாமல் முன்னால் வருவதைப் பாருங்கள். விட்டதை எடுக்க ஆள் இருக்கிறது. நான் ஃபேக்டரியிலும் பார்த்தேன், உங்களிடமும் பார்த்தேன்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது போனை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்கள் கேண்டீனுக்கு வாருங்கள். மைலோ டின்னுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பச்சையை இழுக்க எனக்கு இப்போது தெரியும்.