துரை கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

1. சீட்டுக் கணக்கு

வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு கடையில் நான் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர் வேலாயுதத்துக்குப் பத்துச்சீட்டு கொடுக்கப் போகிறார்கள் என்று பஜாரெல்லாம் பேச்சு. பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு நீக்கும் சீட்டு. வேலை மட்டும் போகாது, குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் காலி பண்ண வேண்டும். திருடியதாகச் சொல்லி அனுப்பிவிட்டால் வேறு தோட்டத்திலும் எடுக்கமாட்டார்கள். அவருக்கு மனைவியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள். அடைமழைக் காலம் வேறு.

அவர் மேல் சொன்ன குற்றம் மூன்று போத்தல் விஸ்கி.

இது நடந்தது ஐம்பதுகளின் நடுவில். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைமார் கடைக்கு வந்து காசை எண்ணிக் கொடுத்து வாங்கும் வழக்கம் கிடையாது. பங்களாச் சமையல்காரரை நாங்கள் அப்பு என்போம். வேண்டிய சாமானை அவர் ஒரு தாளில் எழுதுவார். துரை அடியில் கையெழுத்துப் போடுவார். தபால் எடுக்க ஸ்டேஷனுக்கு வருகிற வேலாயுதம் அந்தச் சீட்டைத் தலைத்துண்டில் செருகிக்கொண்டு வந்து எங்களிடம் நீட்டுவார். கையெழுத்து இருந்தால் சாமான் உண்டு. மாதக் கடைசியில் சீட்டுகளைக் கூட்டிப் பில் அனுப்புவோம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான். "கையெழுத்த மட்டும் பாரு. மத்ததெல்லாம் நமக்கு வேணாம்."

நானும் அப்படியே செய்தேன். சீட்டு கைக்கு வந்ததும் சாமானைக் கட்டுவேன், சீட்டைக் கம்பியில் குத்துவேன். சாராய வகை மட்டும் என் பொறுப்பில் இல்லை. அந்த அலுமாரிச் சாவி எப்போதும் முதலாளியின் இடுப்பில் இருக்கும். விஸ்கி கேட்டு வந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்துத் துரைக்கு ஒரு பழக்கம். சீட்டில் மூன்று சாமான்தான் எழுதியிருந்தாலும் தாளின் கடைசி ஓரத்தில்தான் கையெழுத்துப் போடுவார். நடுவில் நாலு விரல்கடை வெறுமையாகக் கிடக்கும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

2. எல்லாரும் நம்பிய கதை

அந்த மாதப் பில்லில் மூன்று போத்தல் விஸ்கியைப் பார்த்துத் துரை குதித்தாராம். சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தார். மூன்று சீட்டிலும் விஸ்கி என்று கடைசி வரி இருந்தது. அந்த வரி தான் எழுதியது இல்லை என்று சாமி மேல் அப்பு சத்தியம் பண்ணினார். எழுத்தும் வேறு மாதிரிதான் இருந்தது. சீட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, விசாரணைக்கு அவற்றோடு கடையிலிருந்து ஓர் ஆள் வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

யாரோ எழுதியிருக்கிறார்கள். சீட்டைச் சுமந்தவன் யார்? வேலாயுதம். அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அதனால் என்ன, பஜாரில் யாரையாவது பிடித்து எழுதி வாங்கியிருப்பான், போத்தலை விற்றுக் காசாக்கியிருப்பான் என்று கதை கட்டி முடித்துவிட்டார்கள்.

நானும் நம்பினேன். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வந்து விசாரித்தபோது, "ஆளு அடிக்கடி டீக்கடையில நிப்பாருங்க" என்று சொல்லி வைத்தேன். மழைக்கு ஒதுங்கித்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட வேண்டும் போலிருக்கிறது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வேலாயுதம் கடைக்கு வந்தார்.

"மொதலாளி, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க. எங்கையில போத்தல் குடுத்தீங்களா?"

முதலாளி தராசைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "சீட்டுல இருந்துச்சு, குடுத்தேன் வேலாயுதம்."

டீ கொண்டுவரச் சொல்கிற அதே குரல். வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். நான் பருப்பு மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

3. பாதி வழியில்

விசாரணைக்குப் போக வேண்டியவன் நான்தான் என்று ஆனது. முதலாளி மூன்று சீட்டுகளையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். கேட்டால் நீட்டு, வாயைத் திறக்காதே என்றார்.

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் மழை விட்டது. உறை நனைந்துவிட்டதோ என்று பயந்து சீட்டுகளை வெளியே எடுத்தேன். நல்ல வேளை, நனையவில்லை. பகல் வெளிச்சத்தில் அவற்றை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

அப்பு எழுதியதும் துரை கையெழுத்துப் போட்டதும் காப்பிங் பென்சிலால். இளையவர்களுக்கு அது தெரிந்திருக்காது. காய்ந்த தாளில் எழுதினால் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம். தண்ணீர் பட்டால் ஊதாவாகிவிடும், பிறகு அழிக்கவே முடியாது. மழையில் வேலாயுதம் தலையில் வந்த சீட்டு என்பதால் மாவு, வெண்ணெய், மெழுகுவர்த்தி, கையெழுத்து எல்லாம் ஊதா. விஸ்கி வரி மட்டும் சாம்பல். மூன்று சீட்டிலும் அப்படியே.

எங்கள் கடையிலும் காப்பிங் பென்சில்தான். சிலர் அதை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள். முதலாளி விஷம் என்று நாக்கில் வைக்கமாட்டார்.

மதகுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தாள் நனைவதற்கு முன்னால் எழுதியிருந்தால் அந்த வரியும் ஊதாவாகியிருக்கும். ஈரத்தில் எழுதியிருந்தாலும் ஊதாதான். ஈரம் காய்ந்த பிறகு எழுதியது அது. சீட்டு காய்ந்தது எங்கள் கடைக் கம்பியில். கொடுக்காத போத்தலுக்கு முதலாளி பில் எழுதியிருக்கிறார்.

சொன்னால் என் சோறு போகும். பஜார் முதலாளிமார் எல்லாம் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள், வேறு கடையும் கிடைக்காது. மழையில் சீட்டு நனைந்துவிட்டது என்று சொல்லி, இப்போதே தண்ணீரில் முக்கிவிட்டால் மூன்று வரியும் ஊதாவாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. உள்ளதைச் சொல்கிறேன், அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

4. ஆபிஸ் மேசை

வேலாயுதம் ஆபிஸ் வாசலில் கம்பளியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே துரை. பக்கத்தில் பெரிய கிளாக்கர். பத்துச்சீட்டு எழுதி மேசையில் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி.

சீட்டுகளை வைத்தேன். துரை அவற்றைப் பார்க்காமலே பேனாவை எடுத்தார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், விரலை எச்சிலில் தொட்டு மேலே இருந்த சீட்டின் விஸ்கி வரியில் தேய்த்தேன். கிளாக்கர் என் கையைத் தட்டினார். அதற்குள் வரி ஊதாவாகிவிட்டது.

"இந்த வரி இப்பத்தான் நனையுதுங்க தொரை" என்றேன். "மத்த வரியெல்லாம் மலையிலயே நனஞ்சிருச்சு. இது கடையில எழுதினது."

துரை இரண்டாவது சீட்டை எடுத்து, தேநீர்ச் சாஸரில் விரலை நனைத்துத் தானே தேய்த்துப் பார்த்தார். மூன்றாவதைத் தொடாமல் தனியாக வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கடையில யாரு இருக்கிறது?"

"மொதலாளியும் நானும்."

"அப்ப நீ எழுதினது?"

மதகுக் கல்லில் அவ்வளவு யோசித்தவன் இதை மட்டும் யோசிக்கவில்லை. வேலாயுதத்துக்கு விரித்த வலையில் நானே போய் விழுந்துவிட்டேன். அந்த வரியை எழுதிக் காட்டு என்று துரை தாளைத் தள்ளினார். எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எழுத்து ஒக்கவில்லை. அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார். சொன்னேன்.

பத்துச்சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். வாசலைப் பார்த்து, "போ, தபால் எடு" என்றார்.

5. பிறகு

அன்றைக்கே என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு வந்தேன். முதலாளி திட்டவில்லை. "மூணு போத்தலுக்காக உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேடா" என்றார். நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது.

ஆறு மாதம் அலைந்து ஹட்டனில் ஒரு கடையில் சேர்ந்தேன். அங்கே கடைசி சாமானுக்குக் கீழே கோடு இழுக்காத சீட்டை நான் வாங்கவே மாட்டேன். கோடு போட்டுக் கொண்டாங்க என்று திருப்பி அனுப்புவேன், வெள்ளைக்காரன் சீட்டானாலும் சரி. இப்போது என் மகள், கடைக்குப் போனால் காசுக்குப் பதில் வங்கி அட்டையை நீட்டுகிறாள். அவளிடமும் சொல்வது இதுதான். தொகையைப் பார்த்துவிட்டுச் சம்மதம் கொடு. அட்டையைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோக விடாதே. பில் துண்டை வாங்கிப் பத்திரப்படுத்து, மாதக் கணக்கு வந்ததும் ஒத்துப் பார். நாம் கொடுத்த சம்மதத்துக்கு மேலே இன்னொருவன் எழுத இடம் விடக்கூடாது.

வட்டகொடையை விட்டுக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில் வேலாயுதம் தபாலுக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, நீங்களும் நாந்தான்னு நெனச்சீங்க, இல்லீங்களா?" என்றார்.

ஆமாம் அண்ணே என்றேன். டீக்கடைப் பேச்சையும் சொல்லிவிட்டேன்.

கோபிக்கவில்லை. ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வெளி ஆளு. எம் பொஞ்சாதி, பதினாறு வருஷமா எங்கூட இருக்கிறவ, தெனமும் ராவுல நான் தூங்கிட்டதா நெனச்சு எம் வாய மோந்து பாத்தா தம்பி."