கட்டில் அட்டையில் இருந்த பெயர்

பாக்கியலட்சுமியை நான் முதலில் பார்த்தபோது அவள் கையில் விளக்குமாறு, என் கையில் பெட்பேன். ஆஸ்பத்திரியில் அவள் ஆண்கள் வார்டைக் கூட்டித் துடைப்பாள். நான் பெண்கள் வார்டில் கழுவி ஊற்றுவேன். இரண்டு பேருமே பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். எனக்காவது வாய் நீளம். அவளுக்கு வாயே கிடையாது.

சிங்கப்பூர் ஜாலான் புசார் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெஞ்சில் காசநோய் வந்து படுத்தவர் அப்புறம் வேலைக்குப் போகவில்லை. அவருக்கு மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் பாக்கியம் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எதற்கு? அங்கே நோயாளியின் பேர் கேட்பார்கள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் நம்பினாள். அதனால் நான் சொல்வேன், அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

"ஏண்டி, நீ சொன்னா சிங்கப்பூரே முழுகிடுமா?" என்று திட்டுவேன்.

"உனக்கென்ன தங்கம் அக்கா, நீ தனியாள்" என்பாள். சுருக்கென்று தைக்கும். ஆனாலும் அடுத்த தடவையும் கூடப் போவேன்.

அறுபதாம் வருஷம் ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். கூட்டுகிறவர்கள், கழுவுகிறவர்கள் என்று எங்களைப் போன்றவர்களை எடுத்துத் துணைத் தாதிகளாக ஆக்குவதற்கு. சொல்லிக்கொடுத்தது மிஸ்ஸி ஜைனப். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெண் மலாய் பேசிப் பேசியே எங்களை இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட வைத்துவிட்டாள். உடம்புச் சூடு பார்ப்பது, நாடி பிடிப்பது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புண் வராமல் புரட்டுவது எல்லாம் வந்தது. அவள் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று இருந்தது. மருந்து கொடுக்கும் முன் கட்டில் அட்டையைப் படி, பேரைச் சத்தமாகக் கூப்பிடு, அவர் பதில் சொன்ன பிறகுதான் கொடு. ஒருத்தர் மருந்து இன்னொருத்தர் வயிற்றுக்குள் போனால் அது கொலை என்பாள்.

மேலே இருந்தவர்களுக்கு எங்கள் வகுப்பு கண்ணில் விழுந்த தூசி. படிக்காத பொம்பளைகள் கையில் மருந்தைக் கொடுப்பதா என்று முணுமுணுத்தார்கள். வகுப்பு உருப்படுமா என்று பார்த்துச் சொல்ல ஒரு வெள்ளைக்கார அம்மாவை வரவழைத்தார்கள். அந்த அம்மா சரியில்லை என்று சொல்லிவிட்டால் வகுப்பு மூடப்படும், நாங்கள் பழையபடி விளக்குமாறைத் தூக்க வேண்டியதுதான். எனக்கு அது மானப் பிரச்சினை. பாக்கியத்துக்கு வயிற்றுப் பிரச்சினை. வீட்டுக்காரருக்கு முட்டையும் பாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டுகிற சம்பளத்தில் கஞ்சிக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மா வந்த காலையில் எங்களை ஆண்கள் வார்டுச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுக்கக் கூடாது, மூச்சு விடக் கூடாது, மீறினால் வகுப்பே போச்சு என்று மிஸ்ஸி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மொழிபெயர்க்க, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி லாசரஸ் நின்றார். அந்த அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போயும் போயும் பாக்கியத்தைக் கை காட்டினார்.

பாக்கியம் அருமையாகத்தான் செய்தாள். சூடு பார்த்தாள். ஒரு கிழவரை வலிக்காமல் புரட்டிப் போட்டாள். அந்த அம்மா தலையாட்டியதைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறகு மருந்துத் தட்டை அவள் கையில் கொடுத்து மூலைக் கட்டிலைக் காட்டினார்கள். அட்டையைப் படித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

என்ன ஆச்சு இவளுக்கு? எட்டி எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். சே, து, ப, தி. அடக் கடவுளே! முந்தின நாள் வரைக்கும் அந்தக் கட்டிலில் ஒரு சீனத் தாத்தா இருந்தார். இப்போது கிடந்தவர் யாரோ தமிழர், ஆனால் பேர் அவள் வீட்டுக்காரர் பேர்.

"அட்டையைப் படிம்மா" என்றார் லாசரஸ்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"படிக்கத் தெரியலையான்னு கேக்குறாங்க. சொல்லு லா, பயப்படாத."

மிஸ்ஸி ஜைனப்பின் முகம் வெளிறிப்போனது. அவளுக்கும் காரணம் தெரியாதே. எனக்கோ தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லித் தொலையேண்டி, எங்க எல்லார் பிழைப்பும் உன் நாக்கில் தொங்குதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"படிக்கத் தெரியும்" என்றாள் பாக்கியம், காற்று மாதிரி. "ராமநாதபுரத்து ராஜா பேருங்க."

லாசரஸ் ஞானஸ்நானம் வாங்கிய கிறிஸ்தவர் என்றாலும் தமிழ் வீட்டில் பிறந்தவர். சட்டென்று புரிந்துகொண்டு, அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் நீளமாக விளக்கினார். அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தேன். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். லாசரஸ் அதைச் சொல்லத் தயங்கினார்.

"நாளைக்கு நீ மட்டும்தான் வார்டுல இருக்க. இதே பேருல ஒருத்தர் மருந்துக்குத் தவிச்சிக்கிட்டுக் கிடக்குறாரு. கூப்பிட வேற ஆளைத் தேடிப் போவியான்னு கேக்குறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வி நியாயமான கேள்வி, அதனால்தான் இன்னும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் கிடந்தவருக்கு இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். பாக்கியம் தலை தூக்கினாள். அந்த இருமலை அவள் தினமும் வீட்டில் கேட்கிறவள். ஒரு கையால் தாலியைப் பற்றிக்கொண்டாள். முருகா என்றாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டாள்.

"சேதுபதி!"

"நான்தாம்மா" என்றார் அவர்.

மருந்தைக் கொடுத்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு பின்கட்டுக்கு ஓடிப்போய் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான்தாங்க்கா காரணம்."

"சும்மா இருடி" என்றேன். ஆனால் வேலை முடிந்ததும் அவளோடு நானும் ஓடினேன். ஜாலான் புசார் படிகளில் தடதடவென்று ஏறினோம். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன, ரெண்டு பேரும் பேயைப் பார்த்தவங்களாட்டம் வர்றீங்க?" என்று கேட்டார். பாக்கியம் அவர் கையிலிருந்து முறத்தை வாங்கிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

வகுப்பு தொடரலாம் என்று அந்த அம்மா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவளும் நானும் தேறினோம். வெள்ளை உடுப்பு வந்தது. அவள் வீட்டில் பாலும் முட்டையும் வந்தன, அவர் உடம்பும் தேறியது. ஆனால் நான் அங்கே போயிருக்கும்போது அவர் லேசாக இருமினால்கூட அவள் கண் என்னைத் தேடும். பயம் அவளை விடவே இல்லை.

அறுபத்தேழில் அவருக்குக் குடலில் ஆபரேஷன் என்று சேர்த்தார்கள். அவளுடைய வார்டிலேயே கட்டில். கேள்விப்பட்டு என் வார்டிலிருந்து ஓடிவந்தேன். அவள் மருந்துத் தட்டோடு அவர் கால்மாட்டில் நின்றாள். அவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

"குடு, நான் கூப்பிடுறேன்" என்றேன்.

"வேணாங்க்கா, இது என் வார்டு."

அட்டையைப் படித்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் காதுபட ஒரு தடவைகூடச் சொல்லாத பேரைச் சத்தமாகச் சொன்னாள்.

"சேதுபதி!"

அவர் கண்ணைத் திறந்தார். அவள் உடுப்பைப் பார்த்தார், தாலியைப் பற்றியிருந்த கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இருக்கேன் மிஸ்ஸி" என்றார். "ஒண்ணும் ஆகலை. மருந்தைக் குடு."