சாக்கின் அடியில் போடும் சுக்கு

வேலை செய்யும் கடையில் நான் சாக்கைப் பிரித்ததும் சுக்கு மணம் அடித்தது. உம்மாவின் தலைத்துணியில் எப்போதும் இருந்த மணம். உம்மா மவுத்தாகி, அவளை அடக்கி ஒரு மாதம்தான் ஆகிறது.

"மோளே, பூச்சி அரிச்சத அடியில போடு, நல்லத மேல பரத்து," என்றார் கடை முதலாளி.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, உம்மா சுக்கு புடைத்த மட்டாஞ்சேரி கிடங்கில் மேஸ்திரி இதையேதான் உம்மாவிடம் சொன்னார்.

உம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அடியில கெடக்கிறதயும் மனுஷன்தானே சேட்டா திங்கணும்?"

"வந்துட்டா பெரிய ஹஜ்ஜும்மா! நாளைக்கு நீ வேலைக்கு வரவேண்டா."

உம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கப்பைக்கிழங்கு அவித்தாள். வேலை போனதால் பெருநாளுக்குப் புது உடுப்பு கிடைக்காத கோபத்தில் நான் அவளிடம் மூன்று நாள் பேசவில்லை.

இன்று நானும், "என்னால முடியாது சேட்டா," என்றேன்.

"அப்ப வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போகச் சுள்ளிக்கல் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்தது. எனக்குத் தெரியாமல் அன்று உம்மாவும் அழுதிருப்பாளோ?