நட்சத்திரம் போட்ட அட்டைக்கட்டு

நூற்று எண்பத்தேழு, நூற்று எண்பத்தெட்டு. எண்ணி முடித்த கமலாசனி மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். துளை போட்ட இந்த அட்டைகள்தான் அவர் கணினிக்கு எழுதிய கட்டளைகள். ஒன்று இடம் மாறினாலும் முழுவதும் பாழ். ஏழு வருட உழைப்பு, வேறு பிரதியும் கிடையாது. பஸ்ஸில் இடம் கிடைத்தால் மடியில் வைப்பார், கிடைக்காவிட்டால் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்.

"பச்சப்புள்ளய தூக்குற மாதிரி தூக்குறீங்களே மிஸ்," என்று ஆய்வுகூட உதவியாளர் ரத்தினம்மா சீண்டுவாள்.

"ஓம், பிள்ளைதான். என்ன, இது அழாது."

பேராதனைப் பல்கலைக்கழக மாமரங்களில் இலையை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு என்ற செவ்வெறும்புதான் அவருடைய ஆராய்ச்சி. ஒவ்வொன்றாகப் பிடித்து, மூச்சை அடக்கி, முதுகில் மெல்லிய தூரிகையால் ஒரு நிறப்பொட்டு வைப்பார். கூட்டுக்கு ஒரு நிறம். கையெல்லாம் கடித்த தடிப்பு. "கடிச்சாலும் நீ நல்ல பிள்ளை, போ," என்று விட்டுவிடுவார். எந்த நிறம் எந்தக் கிளையில் நின்றது என்பதை, எறும்பு நடந்துபோகும் ஒழுங்கில் கணினி அடுக்கிக் கொடுக்கும். வேற்றுக்கூட்டு எறும்பு வந்திருந்தால் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். அந்த எறும்பைத்தான் மற்றவை சூழ்ந்து கொல்லும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மே மாதம் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். கண்டி நகரை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து வீட்டுப் பெயர்களைத் தெரு ஒழுங்கில் அடுக்கித் தர முடியுமா என்று கேட்டார். தமிழ்ப் பெயர்களுக்கு ஓர் அடையாளமும் போட்டால், அவர்களுக்குத் தமிழிலேயே கடிதம் அனுப்பலாம். கமலாசனிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்டியில் அரசாங்கக் கடிதம் தமிழில் வருவது லேசான காரியமா?

"எறும்பையே அடுக்கிறன், ஆக்களை அடுக்கமாட்டனே?" என்று சிரித்தபடி செய்து கொடுத்தார்.

யூலையில் தமிழரைத் தேடித் தாக்கிய கலவரத்தில், அவர் வாடகைக்கு இருந்த கட்டுகஸ்தோட்டை ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், நான்கு வீடுகள் எரிந்தன. கும்பலாக வந்தவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. தாளைப் பார்த்தார்கள், கதவை உடைத்தார்கள். பெயர்ப்பலகையே இல்லாத பரமநாதன் மாஸ்டரின் வீடும் தப்பவில்லை, மாஸ்டரும் தப்பவில்லை. கமலாசனி யாழ்ப்பாணம் போய்விட்டதாக வீட்டுக்காரர் ஜமால்தீன் வாசலில் நின்று மன்றாடியதால் கமலாசனியின் உயிர் மிஞ்சியது. கூட்டம் போன பிறகு முற்றத்தில் கிடந்த தாளொன்றை, மாடியில் ஒளிந்திருந்த கமலாசனியிடம் ஜமால்தீன் கொண்டுவந்தார்.

"மிஸ், இது ஒங்கட மெசின் கடதாசி மாதிரி ஈக்கிதே?"

ஓரத்தில் துளை போட்ட அகலத் தாள். நடந்துபோகும் ஒழுங்கில் வீடுகள். பெயருக்கு இரண்டு இடம் தள்ளி நட்சத்திரம், அவர் போடுவது போலவே. எரிந்த வீடுகள் நான்கு. ஐந்தாவது நட்சத்திரம் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஐயோ, இது நான் அடுக்கினதல்லோ," என்றார் கமலாசனி. தமிழில் கடிதம் வருமென்று நம்பிய மனுஷி!

இரண்டாம் தடவை எண்ணும் பழக்கம் அதன் பிறகு வந்ததுதான். முதல் எண்ணிக்கை, அட்டை குறைந்துவிடக்கூடாது என்பதற்காக. இரண்டாவது, அவர் உருவி எரித்த நூற்று எண்பத்தொன்பதாவது அட்டை, நட்சத்திரம் போடும் அட்டை, திரும்பி வந்திருக்கக்கூடாது என்பதற்காக. வராது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எண்ணுகிறார்.

ஒன்றரை வருடம் கழித்து, இன்று அவர் எண்ணி முடிப்பதற்குள் அதே உத்தியோகத்தர் வந்து நிற்கிறார். அதே புன்சிரிப்பு.

"போன தடவ லிஸ்ட் மிச்சம் நல்லம் மிஸ். இந்தத் தடவ ஒங்களுக்குக் கரைச்சல் வேணாம். அட்டைக்கட்டத் தாங்க, அடையாளம் எல்லாம் நாங்களே போடுறம். பெரியவங்கட கடிதமும் இருக்கு."

கமலாசனி கடிதத்தை வாசிக்கிறார். மாட்டேன் என்று சொல்ல அதில் வழியில்லை.

"பொறுங்கோ. ஒழுங்கா அடுக்கித் தாறன்."

அட்டைகளோடு அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நடுவிலிருந்து ஒரு பிடி உருவி முன்னால் செருகுகிறார். அடியிலிருந்து ஒரு பிடி நடுவில். மறுபடியும், மறுபடியும். தேநீரோடு வந்த ரத்தினம்மா அதைப் பார்த்துவிட்டு, கோப்பையை உத்தியோகத்தர் முன்னால் வைக்கிறாள். விளிம்புகளைத் தட்டி நேராக்கி, இறப்பர் வளையம் போட்டு, கமலாசனி அந்தக் கட்டை இரண்டு கையாலும் உத்தியோகத்தரிடம் நீட்டுகிறார்.