சப்பாத்துப் பெட்டிகளும் கல்விக்குழு மேசையும்

1. கதவடி

ஜேர்மனியின் ஹம் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஹவுஸ்மைஸ்டருக்கு உதவியாளாக வேலை செய்தேன். ஹவுஸ்மைஸ்டர் என்றால் கட்டடத்தின் பொறுப்பாளர். சாவிக்கொத்து அவரிடம்தான் இருக்கும். என்னுடைய ஹவுஸ்மைஸ்டரின் பெயர் பிராண்ட். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். கட்டடத்தோடு கதைக்கத் தேவையில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமைகளில் அதே கட்டடத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி நடந்தது. ஒரு வாணி விழா அன்று மண்டபத்தில் சரஸ்வதி பூசை. சனம் வழக்கம்போல வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனது. அது அவசர காலத்தில் வெளியேறுவதற்கான வாசல். ஏதோ எடுக்க வந்த பிராண்ட் அந்தக் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டு, "உள்ளே நெருப்புப் பிடித்தால் பிள்ளைகள் இதன்மேல் விழுந்துதானே சாகும்?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை பாடசாலைத் தலைமையாசிரியை எங்கள் தமிழ்ப்பள்ளி நிர்வாகத்தினரை அழைத்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கட்டடம் இல்லை என்றார். வேறு இடத்தை வாடகைக்கு எடுக்க எங்களுக்கு வசதி கிடையாது. பள்ளி நின்றுபோகும்.

2. எஞ்சினியரின் வேலை

பெற்றோர் கூட்டம் சூடாக நடந்தது. சப்பாத்தோடு சரஸ்வதிக்கு முன்னால் போவதா என்று ஒரு பக்கம். பள்ளியே போய்விட்டால் சரஸ்வதியை எங்கே வைப்பது என்று மறுபக்கம். பின்வரிசையில் இருந்த தனபாலசிங்கம் அண்ணை எழும்பினார். அவர் இலங்கையில் போர் தொடங்குவதற்கு முந்திய காலத்தில் இங்கே படிக்க வந்தவர். வெப்பமூட்டும் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைகளில் பேத்தியைக் கூட்டிவந்து விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"சப்பாத்தோட ஒருத்தரும் போக வேண்டாம். அது கதவடியில கிடக்கப்படாது, அவ்வளவுதானே? நான் பாக்கிறன்" என்றார்.

அடுத்த கிழமை, தமிழ்க்கடைக்கு மரக்கறி வரும் மட்டைப்பெட்டிகளைக் காரில் கொண்டுவந்து, கதவை விட்டு எட்டத் தள்ளி, சுவரோரமாக அடுக்கினார். வருகிறவர்களின் சப்பாத்துகளைக் கையால் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு பெட்டியாக வைத்தார். எங்கள் ஆட்களிடையே இது சின்ன விஷயம் இல்லை. பிறர் செருப்பை யாரும் தொடுவதில்லை. படித்தவர் தொடவே மாட்டார். அவருடைய மனைவி வெட்கப்பட்டுச் சில மாதங்கள் பள்ளிப் பக்கம் வரவில்லை.

"என்ன எஞ்சினியர் அண்ணை, பென்சன் காணாதெண்டு செருப்புக்கடை போட்டிட்டியளோ?" என்று சிவராசா எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். அவர் ஒரு பிள்ளையின் தகப்பன். கம்பித் தொழிற்சாலையில் வேலை.

"ஓம் தம்பி. உம்மட காலுக்கு ரெண்டு பெட்டி வேணும் போல கிடக்கு."

பனிக்காலத்தில் ஈரம் ஒழுகியபோது, தான் படிக்கும் பேப்பரையே பெட்டிகளுக்குக் கீழே விரித்தார். பிராண்ட் அவருக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார். தலைமையாசிரியை அவரைப் பாடசாலையின் ஆதரவுச் சங்கத்துக்கு அழைத்தார். எங்கள் நிர்வாகத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கட்சிக்காரர், நகரசபையின் கல்விக்குழுவில் இருக்க முடியுமா என்று கேட்டார். பாடசாலைக் கட்டடங்கள் பற்றிய விஷயங்கள் அங்கேதான் முடிவாகும்.

அண்ணை சம்மதித்தார். கட்சியின் ஆயத்தக் கூட்டங்கள் சனிக்கிழமைகளில் நடந்தன. பெட்டியடியில் தனக்குப் பதிலாக என்னை நிற்கச் சொன்னார்.

"எனக்குச் சனத்தோட கதைக்க ஏலாது அண்ணை."

"கதைக்க வேண்டாம். கையை நீட்டும், அதுவே காணும்."

3. மேசையை விட்டு எழுந்தவர்

பிறகு ஒரு குளிர்காலத்துக்கு முன், வெப்பமூட்டும் செலவைக் குறைக்கப் பாடசாலைகளைச் சனிக்கிழமைகளில் பூட்டலாம் என்ற யோசனை கல்விக்குழுவுக்கு வந்தது. பூட்டினால் எங்கள் பள்ளி முடிந்தது. ஆனாலும் பெற்றோர் பயப்படவில்லை. எங்கட ஆள் மேசையில் இருக்கிறார் என்றார்கள். நான், சிவராசா, இன்னும் சிலர் பார்வையாளர் கதிரைகளில் போய் இருந்தோம்.

அந்த விஷயம் எடுக்கப்பட்டதும் அண்ணை கையை உயர்த்தினார். தான் அந்தத் தமிழ்ப்பள்ளியின் நிர்வாகத்தில் இருப்பதால் இதில் பேசவோ வாக்களிக்கவோ முடியாது என்றார். இங்கே விதி அப்படி. மேசையை விட்டு எழுந்துவந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

சிவராசா என் காதுக்குள், "இதுக்கோ இவரை அனுப்பினது?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த எங்கள் கட்டடத்துத் தலைமையாசிரியையிடம் குழுத்தலைவர் கருத்துக் கேட்டார். தான் ஒரு காலத்தில் இவர்களை வெளியே அனுப்ப இருந்ததை அவர் மறைக்கவில்லை. இப்போது தன் ஹவுஸ்மைஸ்டர், சனிக்கிழமை ஆட்கள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போன பிறகு தனக்கு அங்கே வேலையே இருப்பதில்லை என்று சொல்வதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். ஒரு பகுதியை மட்டும் சூடாக்குவது என்ற நிபந்தனையோடு, எங்கள் கட்டடத்தைத் திறந்துவைக்கக் கூடுதலான கைகள் உயர்ந்தன.

வெளியே வந்ததும் சிவராசா விடவில்லை. "அண்ணை, எங்களுக்காண்டி ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"நான் சொன்னா, தன்ர ஆக்களுக்குக் கேக்கிறான் எண்டு போயிருக்கும். பிராண்ட் சொன்னதை ஆர் தட்டுறது?"

இப்படியான குழுக்களில் சேர வழி கேட்டு இளையவர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. மேசைக்குப் போகும் வழி எனக்குத் தெரியாது. அங்கே வாய் திறக்க முடியாத நாளும் வரும், அன்றைக்கு வாசலில் செய்த வேலைதான் பேசும் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை சிவராசா வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. தன் சப்பாத்தைத் தானே பெட்டிக்குள் வைத்தார். பிறகு என் பக்கத்தில் நின்று, பின்னால் வந்தவரிடம் கையை நீட்டினார்.