படகில் மகள் சொல்ல வந்தது

படகோட்டிக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் ‘உஷ்’தான்.

ஓர்கா திமிங்கலம் பார்க்க வருகிறவர்களைத் தன் சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். கரை மறைந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு உதட்டில் விரலை வைப்பார். பனிமூட்டத்தில் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை. டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட மாதிரி அவை மூச்சு விடும் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இருமினால்கூட முறைப்பார். தும்மலை அடக்கிக் கண் பிதுங்கியவர்கள் உண்டு.

கொடுமை என்னவென்றால், வீட்டிலும் அதே விரல்தான். குழாய் ஒழுகுகிறது என்று மனைவி வாயெடுத்தாலே விரல் எழுந்துவிடும். மகள் எதையும் அம்மாவிடமே சொல்லி வளர்ந்தாள்.

கல்யாணத்துக்குச் சில வாரமே இருக்கும்போது ஒருநாள் அவளே வந்து படகில் ஏறினாள். பயணிகள் முன்னால், அவள் பின்னால், அப்பாவை ஒட்டி. எஞ்சின் அணைந்தது.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட சொல்ல முடியல.”

அந்த நேரம் பார்த்து இடதுபுறம் புஸ்ஸென்று ஒரு மூச்சு.

“உஷ்!”

அவள் வாயை மூடிக்கொண்டாள். பனிக்குள்ளிருந்து திமிங்கலத்தின் ஆளுயர முதுகுத் துடுப்பு ஒன்று எழுந்தது. பின்னாலேயே குட்டியோடு ஒரு தாய். அவர் பெருமையோடு மகளைப் பார்த்தார். அவள் கடலைப் பார்க்கவில்லை. குனிந்து நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மகள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“என்னம்மா சொல்ல வந்தே?” உரக்கவே கேட்டுவிட்டார்.

“கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?” முன்னால் கேமராவோடு இருந்த பயணி ஒருவர் சீறினார்.

“நீங்க அதைப் பாருங்க சார். நான் என் பொண்ணைப் பாக்கறேன்.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். “இந்தக் கல்யாணம் வேணாம்பா.”

“பையன் ஏதாவது சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லல. நான் பேசினா காதுலயே வாங்க மாட்டான். காலம் பூரா இப்படியே போயிடுமோன்னு பயமா இருக்கு.”

அவரைக் குத்திக்காட்ட அவள் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

“பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சேப்பா…” என்றாள்.

“கொடுத்த வீட்டுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிக்கறேன். திட்டுனா வாங்கிக்கறேன். நீ முழுசா சொல்லு.”

தாயும் குட்டியும் படகுக்கு வெகு அருகே வந்து மூச்சு விட்டன. அவர் முதுகில் நீர்த்துளி தெறித்தது. முன்னால் ஒரே கூச்சல். அவர் திரும்பவில்லை. அவனை முதலில் சந்தித்த நாளிலிருந்து அவள் ஆரம்பித்தாள்.